ஓட்டுக் கொட்டகைக்கு ஷீட் போடலாமா? (செட்டிநாட்டுப் பழைய நாடகக் கொட்டகை, பின்னாள் டாக்கீஸ்)

கோட்டையூர்ப் பங்காளி | 07.01.2024

ஐயா காலத்துல நாடகக் கொட்டகை. பிறகு டாக்கீஸ். கடைசியா நெல் குடோன். உள்ளளவு 60க்கு 40 அடி, சுவர் உயரம் 14 அடி, தேக்கு டிரஸ் (கூரையைத் தாங்குற முக்கோண மரச்சட்டம்), மேல சீமை ஓடு. இந்த மழையில மேடைப் பக்கம் மூணு இடத்துல ஒழுகுது. காண்ட்ராக்டர் சொல்றது: ஓட்டைக் கழற்றிட்டு கலர் ஷீட் (வண்ணம் பூசின இரும்புத் தகடு), உள்சுவருக்கு சிமெண்ட் பூச்சு, பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங். ஷீட் எடை குறைவு, பழைய மரத்துக்கு நல்லதுங்கிறார். ஓட்டுல 1865னு அச்சு இருக்கு, அதனால கட்டிடம் 150 வருஷத்துக்கு மேல பழசுன்னு பங்காளிங்க பேசிக்கிறாங்க. ஷீட் போடலாமா?

சுதைக்காரன் | 07.01.2024

போடாதீங்க தம்பி.

எடை குறையுறதுதான் அங்க ஆபத்தே. சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 15 பிடிக்கும், ஒண்ணு சுமார் 2.5 கிலோ. ஆக 37 கிலோ. அரை மில்லிமீட்டர் ஷீட் 5 கிலோ. சரிவு, இறவாணம் எல்லாம் சேர்த்து உங்க கூரை கிட்டத்தட்ட 300 சதுர மீட்டர் வரும். இப்ப 11 டன் உட்கார்ந்திருக்கு, ஷீட் போட்டா ஒன்றரை டன். அந்தக் காலத்து டிரஸ்ஸைச் சுவரோட கட்டிப் போட்டிருக்க மாட்டாங்க, ஓட்டு எடையே அதை அழுத்திப் பிடிச்சிருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு 47 கிலோ அளவுக்கு அழுத்தம் தரும். அதுல ஒரு பங்கு கூரையை மேல உறிஞ்சும். ஓடுன்னா இடுக்கு வழியாக் காற்று உள்ளயும் வெளியயும் சமன் ஆயிரும். ஷீட்ல அந்த வழி கிடையாது. 2018 நவம்பர் 16 கஜா புயல் கரையேறி நம்ம பக்கம் வந்தப்ப என்ன நடந்துச்சுன்னு புதுக்கோட்டை ஜில்லாக்காரங்களைக் கேளுங்க.

ஷீட்டேதான் வேணும்னா டிரஸ் ஒவ்வொண்ணையும் ரெண்டு முனையிலயும் இரும்புப் பட்டையால சுவருக்குள்ள ஆழமா நங்கூரம் போடணும். அந்த வேலையை உங்க காண்ட்ராக்டர் கணக்குல எழுதியிருக்காரான்னு பாருங்க.

சுதைக்காரன் | 07.01.2024, இரவு

ஒழுகுற இடத்தைப் பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. மேடைப் பக்கம் மட்டும்னா ஓடு உடைஞ்சதா இருக்காது. மேடைக்கு மேல சீன் ஏத்துறதுக்காக சுவரை உயர்த்திக் கட்டியிருப்பாங்க. அந்த உயரச் சுவரும் தாழ்ந்த ஓட்டுக்கூரையும் சேர்ற மூலையில சிமெண்ட் அணை பூசியிருக்கான்னு பாருங்க. மரக்கூரை வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையும், சுவர் அசையாது, சிமெண்ட் ரெண்டுக்கும் நடுவுல வெடிக்கும். மறுபடி மறுபடி பூசினாலும் அதே கதைதான். துத்தநாகத் தகடோ அலுமினியத் தகடோ வாங்கி, மேல் விளிம்பைச் செங்கல் இணைப்புக்குள்ள ஒரு அங்குலம் செருகிச் சுண்ணாம்புக் காரையால அடைச்சு, கீழ் விளிம்பை ஓட்டு மேல சும்மா படிய விடுங்க. கீழ ஆணி அடிக்கக் கூடாது.

ஆபரேட்டர் ரூம் | 08.01.2024

1865ஐ நம்பாதீங்க. பாசல் மிஷன்காரங்க (சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு) மங்களூர்ல ஓட்டு ஆலை தொடங்கின வருஷம் அது. பிறகு வார்த்த ஓட்டுலயும் அதையே அச்சடிச்சாங்க. ஓட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. காமன்வெல்த் டிரஸ்ட்னு இருந்தா முதல் உலகப் போருக்குப் பிந்தினது, ஏன்னா போருக்கு அப்புறம்தான் அந்த ஆலைகள் அவங்க கைக்குப் போச்சு. இரும்பு உத்திரம் இருந்தா நடுப்பட்டையில அழுத்தின எழுத்து இருக்கும். டோர்மன் லாங்னா இங்கிலாந்துச் சரக்கு. டாட்டான்னா 1912க்கு அப்புறம், ஜாம்ஷெட்பூர்ல உருக்கு வார்க்கத் தொடங்கினதே அப்பத்தான்.

சுதைக்காரன் | 08.01.2024

சரியாச் சொன்னீங்க. இன்னொண்ணு: ஓடு கை மாறுற சரக்கு. ஒரு வீட்டை இடிச்சா அடுத்த கொட்டகைக்கு ஏறிரும். ஓடு காட்டுறது "இதுக்கு முன்னாடி இல்லை" என்பதை மட்டும்தான், அதுவும் அந்த ஓட்டுக்கு. கட்டிட வயசுக்கு டிரஸ்ல இருக்கிற போல்ட்டு, மேடை முகப்புச் சுதை, பங்காளி வீட்டுப் பெட்டகத்துல இருக்கிற கணக்கு நோட்டு மூணையும் சேர்த்துப் பாருங்க. சுண்ணாம்பு, தேக்கு, கூலின்னு தனித்தனியா எழுதி வைக்கிற வழக்கம் நம்ம ஊர்ல உண்டு.

கோட்டையூர்ப் பங்காளி | 13.01.2024

அண்ணே, நீங்க சொன்ன மூலையேதான். சிமெண்ட் அணை நீளவாக்குல பிளந்திருக்கு. அங்க இருக்கிற டிரஸ் முனையில ஸ்க்ரூடிரைவரைக் குத்தினா ரெண்டு அங்குலம் உள்ள போகுது. மத்த நாலு டிரஸ்ஸும் கெட்டி. அந்த டிரஸ்ஸையே மாத்தணுமா?

மரவேலை புதுவயல் | 13.01.2024

முழுசா மாத்த வேண்டாம். பர்மா தேக்கு நடுவுல கெடாது, சுவருக்குள்ள புதைஞ்ச முனைதான் கெடும். 40 அடி அகலம்னா இரட்டை நடுக்கால் டிரஸ்ஸா இருக்கும். வேலை இப்படிப் போகணும்:

அந்த டிரஸ்ஸுக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை முதல்ல இறக்குங்க. ஒரு சரிவை மட்டும் காலி பண்ணக் கூடாது. ரெண்டு சரிவுலயும் சம அளவா வரிசை வரிசையா எடுக்கணும், இல்லேன்னா டிரஸ் சாயும். பிறகு நடுக்கால் சேர்ற முடிச்சுகளுக்கு நேர் கீழ ஜாக்கி முட்டு. தரையில நேரா வைக்காம தடிப்பலகை போட்டு வைங்க. பாரம் முட்டுக்கு மாறுற வரைக்கும்தான் ஏத்தணும். பழைய தொய்வை நேராக்கப் போனா எதிர் முனை மூட்டு பிளந்துக்கும்.

கெட்டி மரம் தெரியுற வரை அறுத்து, அதுக்கு மேல ஒரு அடி கூட எடுங்க. புதுத் துண்டைச் சாய்வெட்டு மூட்டுல சேர்க்கணும். மூட்டு நீளம் மர உயரத்தைப் போல நாலு மடங்காவது வேணும். ரெண்டு பக்கமும் 6 மி.மீ. இரும்புத் தகடு, 16 மி.மீ. போல்ட்டு. போல்ட்டை ரெண்டு வரிசையா, ஒண்ணுக்கு ஒண்ணு நேரா வராம மாத்தி மாத்தித் துளைங்க. ஒரே ரேகையில துளைச்சா மரம் அந்த வழியாப் பிளக்கும்.

முனை உட்கார்ற இடத்துல கருங்கல் பலகை. சுத்தி மூணு பக்கமும் ஒரு அங்குலம் காத்துக்கு விட்டுருங்க. அந்தப் பொந்தை சிமெண்டால அடைச்சதுனாலதான் இது உளுத்திருக்கும்னு நினைக்கிறேன்.

கறையானுக்கு போராக்ஸ் கரைசலைத் தூரிகையால ரெண்டு தரம். மழை படாத மரத்துக்கு மட்டும்தான், நனைஞ்சா கரைஞ்சு போயிரும். பழைய எஞ்சின் ஆயில் பூசச் சொல்லுவாங்க, கொட்டகையில அது தீக்கு விருந்து.

கோட்டையூர்ப் பங்காளி | 14.01.2024

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய தேக்கு வாங்கலாமா?

மரவேலை புதுவயல் | 14.01.2024

வாங்கலாம், நல்லாக் காய்ஞ்ச மரம் வேற எங்க கிடைக்கும். ஆனா மூணு விஷயம் பாருங்க. முளைக்குழி (பழைய மூட்டுக்காக வெட்டின துளை) எங்க விழுதுன்னு பாருங்க, மூட்டு வர்ற இடத்துல குழி இருக்கக் கூடாது. உள்ள ஒடிஞ்ச ஆணி இருக்கான்னு காந்தம் வச்சுத் தேடுங்க. வேலைப்பாடு செஞ்ச தூணையோ நிலையையோ அறுத்து டிரஸ்ஸுக்கு ஒட்டுப் போடாதீங்க. ஒரு வீட்டு முகப்பை அழிச்சு இன்னொரு கட்டிடத்தைக் காப்பாத்துறதுல நியாயம் இல்லை. சாதா உத்திரத் துண்டு போதும்.

சுதைக்காரன் | 20.01.2024

ஓடு இறக்கும்போது ஒவ்வொண்ணையும் விரலால சுண்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்லது, பொத்துன்னு கேட்டா கண்ணுக்குத் தெரியாத விரிசல். மொத்தம் 4,500 அளவுல வரும், உடைசலுக்குப் பத்துல ஒரு பங்கு கூட்டி 5,000னு கணக்கு வைங்க. வேற வேற ஆலை ஓடு ஒண்ணோட ஒண்ணு கவ்வாது, கலந்து வேயாதீங்க. பழசைத் தெருப்பக்கச் சரிவுக்கு ஒதுக்கிட்டு, வாங்குறதை ஒரே ஆலைச் சரக்கா வாங்கிப் பின்சரிவுல மொத்தமாப் போடுங்க. ரீப்பர் (ஓடு உட்கார்ற மரச்சட்டம்) இடைவெளி பன்னிரண்டரை அங்குலம்னு எழுதியிருப்பாங்க, அதை வச்சு அடிக்காம கையில இருக்கிற ஓட்டை ரெண்டு வரிசை அடுக்கிப் பார்த்து அளவெடுங்க. மோட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த காரைதான்.

இந்த வேலை பங்குனிக்குள்ள முடியணும். ஐப்பசி வரைக்கும் இழுத்தா கூரை திறந்தபடி அடைமழையில மாட்டிக்கும்.

கோட்டையூர்ப் பங்காளி | 11.02.2024

கூரை வேலை நடக்குது. சுவருக்கு வர்றேன். கீழ மூணு அடிக்கு யாரோ முன்னமே சிமெண்ட் பூசியிருக்காங்க. அதுக்கு மேல இருக்கிற பழைய பூச்சு உப்புப் பூத்துப் பொடிப்பொடியா உதிருது. மேல இருக்கிறது மட்டமான வேலை, அதையும் சிமெண்டாக்கிடுவோம்ங்கிறாங்க.

சுதைக்காரன் | 11.02.2024

மேல இருக்கிற பூச்சு மேல குற்றம் இல்லை. தரை ஈரம் சுவர்ல ஏறுறது எப்பவும் நடக்கிறதுதான். சுண்ணாம்புப் பூச்சா இருந்தப்ப கீழயே ஆவியா வெளியேறிச்சு. சிமெண்ட் வழியை மூடினதும் ஈரம் மூணு அடி ஏறி, சிமெண்ட் முடிஞ்ச இடத்துல வெளிய வருது. கூடவே கொண்டுவந்த உப்பு அங்க படிகமாகிப் பூச்சைத் தள்ளுது. இப்ப ஆறு அடிக்கு சிமெண்ட் பூசினா ஏழாவது அடியில உதிரும்.

சிமெண்டைத் தட்டையான உளியும் சுத்தியலும் வச்சுக் கையால எடுங்க. பிரேக்கர் மெஷின் வேண்டாம், அடியில இருக்கிற செங்கல் முகமும் செம்பூராங்கல்லும் சேர்ந்து பெயரும். எடுத்துட்டு சித்திரை, வைகாசி வெயில்ல சுவரைச் சும்மா விடுங்க. வெளிய வர்ற உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு அள்ளிக் கொண்டுபோய்த் தூரக் கொட்டணும். தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு திரும்ப உள்ள போகும். அதே நேரத்துல வெளிப்பக்கத் தரை மட்டத்தையும் பாருங்க. தெருவுல ரோடு மேல ரோடு போட்டு உசந்து, சுவர்ப் பாதம் புதைஞ்சிருந்தா மண்ணை வெட்டி இறக்கி வடிகால் விடணும். அதைச் செய்யாம பூச்சைப் பத்திப் பேசிப் பிரயோஜனமே இல்லை.

சுதைக்காரன் | 12.02.2024

பூச்சு முறை கேட்டு ரெண்டு பேர் தனியா எழுதியிருந்தாங்க. இங்கயே சொல்லிடறேன்.

சுண்ணாம்பு நீற்றும்போது தொட்டியில முதல்ல தண்ணி, பிறகு கல் சுண்ணாம்பு. மாத்திச் செஞ்சா கொதிச்சுத் தெறிச்சு கண்ணு போயிரும், கண்ணாடி போடாம ஒருத்தரும் பக்கத்துல நிக்கக் கூடாது. வடிகட்டி, மேல தண்ணி நிக்கிற மாதிரி ஒரு மாசமாவது மூடி வைங்க. நீறாத துணுக்கு உள்ள இருந்தா பூசின பிறகு சுவர்ல நீறி, கொப்புளம் கொப்புளமா வெடிக்கும்.

மணல் விகிதத்தைப் பழைய பூச்சையே கேளுங்க. உதிர்ந்த கட்டியில 50 கிராம் எடுத்துப் பொடிச்சு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டா சுண்ணாம்பு பொங்கிக் கரையும், மணல் நிக்கும். கழுவிக் காயவச்சு நிறுத்துப் பாருங்க. கிளிஞ்சல் துண்டு இருந்தா அதுவும் கரைஞ்சுரும், அதை முன்னாடியே பொறுக்கிடுங்க. பொதுவா அடிப்பூச்சுக்கு ஒண்ணுக்கு மூணு, மேல்பூச்சுக்கு ஒண்ணுக்கு ரெண்டு வரும். மணல்ல உப்பு இருக்கக் கூடாது.

காரையில கலக்கிற கடுக்காய், வெல்லத் தண்ணிக்கு ஊருக்கு ஊர் அளவு வேற. வெல்லம் கூடினா இறுகவே இறுகாது. அதனால பூசப்போற சுவர்லயே ரெண்டுக்கு ரெண்டு அடியில மூணு மாதிரி போட்டு ஒரு மாசம் விடுங்க. நகத்தால கீறினா எது உதிரலையோ அது. பூசின பிறகு நம்ம ஊர் வெயில்ல காய விட்டுடாதீங்க. ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ரெண்டு வாரம் நனைச்சுக்கிட்டே இருக்கணும்.

முட்டை வெள்ளைக்கரு போட்டுக் கூழாங்கல்லால தேய்க்கிற வழவழப்புப் பூச்சு மேடை முகப்புத் தூணுக்கும் வாசலுக்கும் மட்டும் போதும். அந்தக் கை உள்ள கொத்தனார் இப்ப குறைவு. அவரை 14 அடிச் சுவர்ல வீணாக்காதீங்க.

ஆபரேட்டர் ரூம் | 15.02.2024

வழவழப்பு பூசினா எதிரொலி கூடும்னு சொல்றாங்களே? மேடைக்கு அடியில பானை புதைச்சா குரல் தூக்கும்னும் ஒரு பேச்சு இருக்கு.

சுதைக்காரன் | 15.02.2024

ரெண்டும் வேண்டாத கவலை. சொரசொரப்போ வழவழப்போ, சுண்ணாம்புச் சுவர் குடிக்கிற ஒலி நூத்துக்கு ரெண்டு, மூணுதான். வித்தியாசம் காதுக்குத் தெரியாது. பானை ஒரே ஒரு சுருதியைத்தான் பிடிக்கும், பிடிச்சதையும் விழுங்கத்தான் செய்யும். மேடையைத் தோண்டாதீங்க.

கணக்கு இதுதான். எதிரொலி நிக்கிற நேரம் = 0.049 × மண்டபக் கன அடி ÷ உறிஞ்சும் அளவு. சரிவுக்கூரையையும் சேர்த்துச் சராசரி உயரம் 20 அடின்னு வச்சா 60 × 40 × 20 = 48,000 கன அடி, 0.049ஆல பெருக்கினா 2,352. சுவர், தரை, ஓடு, மேடைத் திறப்பு எல்லாம் சேர்ந்து உத்தேசமா 560 உறிஞ்சும். காலிக் கொட்டகையில நாலு விநாடிக்கு மேல முழங்கும், பேச்சே புரியாது. ஒரு ஆள் நாலரை. 400 பேர் உட்கார்ந்தா 1,800 கூடி, முழக்கம் ஒரு விநாடிக்கு இறங்கும். பேச்சுக்கும் பாட்டுக்கும் அதைவிட நல்ல அளவு கிடையாது. மைக் இல்லாம ஸ்திரீ பார்ட் பாட்டு தரை டிக்கெட் கடைசி வரிசைக்குப் போனது இதனாலதான். கூட்டம்தான் அந்த மண்டபத்தோட பஞ்சு.

இப்ப 150 பேர்தான் வருவாங்கன்னு வைங்க. முழக்கம் ரெண்டு விநாடி. பின்சுவர்லயும் பக்கச் சுவர்களோட பின்பாதியிலயும் கெட்டிப் பருத்தித் திரை, பாதிக்குப் பாதி மடிப்பு விட்டு, 800 சதுர அடி தொங்கவிட்டா ஒன்றரைக்குக் கீழ வந்துரும். கூட்டம் நிறைஞ்ச அன்னைக்கு இழுத்து ஒதுக்கிக்கலாம். பிஓபி சீலிங் கன அடியைக் குறைக்கும்கிறது நிஜம். ஆனா டிரஸ்ஸை மறைச்சுரும், அடுத்த ஒழுகல் மரத்தைத் தின்ன பிறகுதான் தெரியவரும்.

ஆபரேட்டர் ரூம் | 18.02.2024

பங்காளிக்கு என் பக்கத்து விஷயம். டாக்கீஸா மாத்தினப்ப பின்சுவருக்கு வெளிய ஆபரேட்டர் ரூம் ஒட்டிக் கட்டியிருப்பாங்க. பழைய சுவரோட கடிச்சுக் கட்டாததால நடுவுல நேர்க்கோட்டு விரிசல் நிக்கும். அது அபாயம் இல்லை, மழைத்தண்ணி இறங்காம மேல மூடினா போதும்.

சுவர்ல எத்தனை ஓட்டைன்னு எண்ணுங்க. ஒரு மெஷினுக்கு ரெண்டு: ஒளி போக ஒண்ணு, ஆபரேட்டர் பார்க்க ஒண்ணு. நாலு இருந்தா ரெண்டு மெஷின், படம் நிக்காம ஓடியிருக்கும். நிமிஷத்துக்கு 90 அடி ஃபிலிம், 1,000 அடி ரீல் 11 நிமிஷம். ஒத்தை மெஷின்னா ரீலுக்கு ரீல் விளக்கைப் போட்டிருப்பாங்க. ஓட்டைக்கு மேல இரும்புத் தகடு தொங்குதா? அதைப் பிடிச்சிருக்கிற கண்ணியில சூட்டுக்கு உருகுற துண்டு ஒண்ணு இருக்கும். தீப்பிடிச்சா உருகித் தகடு விழுந்து ரூமை அடைச்சுரும், தீ சபைப் பக்கம் போகாது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிமுக்கு அது கட்டாயம்.

கூரையில புகைபோக்கி ஓட்டை இருந்தா கார்பன் ஆர்க் (பழைய புரொஜெக்டர் விளக்கு) புகைக்கு வச்சது. கான்கிரீட் போட்டு அடைக்காம தகரத் தொப்பி போடுங்க.

ரெண்டு எச்சரிக்கை. ரெக்டிஃபயர் (அந்த விளக்குக்கு மின்சாரத்தை மாத்திக் கொடுக்கிற) பெட்டிக்குள்ள பெரிய கண்ணாடிக் குமிழ் இருந்தா அதுல பாதரசம் இருக்கும். பழைய இரும்புக்காரங்க கையில கொடுத்துடாதீங்க. தகர டப்பாவுல ஃபிலிம் கிடந்து, தேன் மாதிரிப் பிசுபிசுன்னோ பழுப்புப் பொடியாவோ இருந்தா அது நைட்ரேட், தானாவே தீப்பிடிக்கும். வெயில் படாத, ஆள் புழங்காத இடத்துல தனியா வச்சுட்டுப் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்க. புளிச்ச காடி வாசம் மட்டும் வந்தா அசிடேட், அவ்வளவு சுலபமாத் தீப்பிடிக்காது. ஆனா நல்ல ஃபிலிம் பக்கத்துல வைக்கக் கூடாது.

கோட்டையூர்ப் பங்காளி | 19.02.2024

ஓட்டை நாலு இருக்கு! தகடும் இருக்கு. ஆனா பங்காளிங்க ரெண்டு கட்சி. நாடகக் கொட்டகையா இருந்த மாதிரி ஆக்கணும், டாக்கீஸ் ரூமை இடின்னு ஒரு பக்கம். டாக்கீஸைத்தான் ஊர் ஞாபகம் வச்சிருக்குன்னு இன்னொரு பக்கம்.

சுதைக்காரன் | 20.02.2024

ரெண்டையும் வச்சுக்குங்க. ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்து மத்ததை அழிக்கிறதுல எனக்குச் சம்மதம் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில பாலர் சபை தொடங்கின காலத்துக்குப் பிறகு, கம்பெனிகளும் ஸ்பெஷல் நாடகக்காரங்களும் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடின்னு சுத்தினப்ப இந்த மாதிரிக் கொட்டகைகள்தான் தங்கல். 1931ல தமிழ் பேசும் படம் வந்த பிறகு அதே மேடையில வெள்ளைத் திரை ஏறிச்சு. நம்ம பக்கத்துலயே ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவுல ஸ்டூடியோ வச்சது ஒரு நாடகக் கொட்டகையையும் சுத்தி இருந்த இடத்தையும் வாடகைக்கு எடுத்துத்தான். 1948ல அது கோடம்பாக்கம் போச்சு. கொட்டகை சினிமாவுக்கு மாறினதும் நம்ம சரித்திரம்தான், அதுக்கு உங்க கட்டிடத்துல இருக்கிற சாட்சி அந்த நாலு ஓட்டை. இடிக்க வேண்டியது குடோன்காரங்க லாரிக்காக அகலப்படுத்தின வாசலை மட்டும்.

மேடை முகப்புல பிளைவுட் அடிச்சிருந்தா ஒரு மூலையைக் கழற்றிப் பின்னால சுதை வேலை இருக்கான்னு பாருங்க. பெயிண்டைச் சுரண்டறதுக்கு முன்னாடி ரெண்டு அங்குலச் சதுரத்துல, படி படியா ஒவ்வொரு பூச்சா எடுத்து எல்லா நிறத்தையும் படம் பிடிச்சு வைங்க.

மரவேலை புதுவயல் | 02.03.2024

வயரிங் பத்தி யாரும் சொல்லலை. பழைய மரப்பட்டை வயரிங்கை மொத்தமா மின்சாரத்துலேர்ந்து துண்டிச்சுடுங்க, மேல்பூச்சுக்கு முன்னாடியே. புதுசைக் குழாய் போட்டுச் சுவர் மேலயே ஓட்டுங்க. சுண்ணாம்புச் சுவரை மெஷின் வச்சுக் கீறக் கூடாது. கதவு எல்லாம் வெளிப்பக்கம் திறக்கணும். படம் காட்டுறதா இருந்தா 1955 சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்துப்படி கலெக்டர் லைசென்ஸ் வேணும், அங்க முதல் கேள்வியே அதுதான்.

சுதைக்காரன் | 02.03.2024

அதோட பங்காளிங்க எல்லாருடைய கையெழுத்தும். மலேசியாவுல இருக்கிற பங்குக்காரரோடதையும் சேர்த்து, வேலை பாதியில நிக்கிறதுக்கு முன்னாடி வாங்கிடுங்க. யுனெஸ்கோ பட்டியலை நம்பி இருக்காதீங்க. செட்டிநாட்டு ஊர்கள் 2014லேர்ந்து உத்தேசப் பட்டியல்ல இருக்கு, அது இடிக்கிறதைத் தடுக்கிற சட்டம் ஆகாது.

கோட்டையூர்ப் பங்காளி | 09.03.2024

மேடைப் பரண்ல படுதா (வண்ணம் தீட்டின நாடகத் திரை) மூணு கிடைச்சது. தர்பார் சீன் ஒண்ணு, காடு ஒண்ணு, தெரு ஒண்ணு. மடிச்சு வச்சிருக்காங்க, ஒரே தூசி. வெளுக்கப் போடலாமா?

சுதைக்காரன் | 09.03.2024

தண்ணியே காட்டாதீங்க! வஜ்ஜிரப் பசையில குழைச்ச வண்ணமா இருக்கும், ஒரு வாளித் தண்ணியில தர்பார் கரைஞ்சு போயிரும். மடிப்பை இழுத்துப் பிரிக்காம, சுத்தமான தரையில வெள்ளைத்துணி விரிச்சு அது மேல வச்சு, தானா விரியுற அளவுக்கு மட்டும் பிரிங்க. தூசிக்கு மென்மையான பிரஷ், வாக்குவம் குழாய் வாயில கொசுவலைத் துணி கட்டி. பொருக்கு எழும்பின இடத்துல பிரஷ்ஷும் வேண்டாம். பிறகு ஒரு அடிக்குக் குறையாத விட்டமுள்ள குழாய்ல பருத்தித்துணி சுத்தி, அது மேல வண்ணம் வெளிப்பக்கமா இருக்கிற மாதிரி உருட்டுங்க. உள்பக்கமா உருட்டினா வண்ணம் நசுங்கி, விரிக்கும்போது செதில் செதிலா வரும். குழாயோட ரெண்டு முனையையும் தாங்கியில நிறுத்தி, படுதா எதுலயும் படாம வைங்க. பரண்ல திரும்ப ஏத்தாதீங்க. ஓட்டுக்கு அடியில சூடு அதிகம்.

படம் எடுத்துப் போடுங்க, தர்பார் சீனோட கீழ் மூலையை முதல்ல. வரைஞ்சவர் பேரும் ஊரும் பெரும்பாலும் அங்கதான் எழுதியிருப்பாங்க.